பேடன் பவல் பிரபு: படைத்தலைவர் ஆசிரியரான வரலாறு

திருவள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஒற்றன் ஒருவன் கொணர்ந்த செய்தியை உடனே நம்பிவிடலாகாது. அதனைப் பிறிதோர் ஒற்றன் வாயிலாக ஆராய்தல் வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்றும் ஒத்தவிடத்தே அதனை உண்மையெனத் துணிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. நம் முன்னோர் அளவை நூல்களிலும் காண்டல், கருதல், உரை என மூன்று வகுத்து, கண்டதனைக் கொண்டு காணாததனை உய்த்துணர்தலைக் கருதல் என்றனர். புகை கண்டவிடத்து நெருப்பு உண்டெனத் துணிதல் அதற்கு எடுத்துக்காட்டு. இக்கலை அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் மட்டுமே உரியதோ? பள்ளிச் சிறுவர்க்கும் இது வேண்டுமோ? வேண்டும் என்று கண்டு, அதன்பொருட்டுத் தம் படைத்தொழிலையே விட்டு விலகிய ஒருவரின் வரலாற்றை இவ்விழா மலரில் எழுதப் புகுந்தேன். அவரே சாரணர் இயக்கத்தின் தந்தையாகிய பேடன் பவல் பிரபு.

சாரணர் உடையையும் கழுத்துப்பட்டியையும் அறியாத மாணவர் நம்மிடை இலர். பாசறை, கயிற்று முடிச்சு, சின்னம் என்பனவும் எல்லார்க்கும் தெரிந்தனவே. ஆயினும் இவையெல்லாம் எந்த வேரினின்று கிளைத்தன என்பதைச் சிந்திப்போர் சிலரே. அவ்வேரைக் காண்டற்கு அப்பெரியாரின் வாழ்க்கையையே நாடவேண்டும்.

றொபேட் பேடன் பவல் 1857 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆந் தேதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் கேத்திரகணிதப் பேராசிரியராக விளங்கியவர். மைந்தனுக்கு மூன்று வயதாகும்போதே அவர் காலமானார். அன்னையார் ஹென்றியெற்றா தம் மக்கள் பலரையும் தனியே வளர்த்து ஆளாக்கினார். சிறுவர் சாட்டர்ஹவுஸ் என்னும் பள்ளியில் உதவிச் சம்பளம் பெற்றுப் பயின்றார். 1872 இல் அப்பள்ளி நகரத்தை நீங்கிக் கொடல்மிங் என்னும் நாட்டுப்புறத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பள்ளியை அடுத்து ஒரு சோலை இருந்தது; மாணவர் அதனுட் புகுதல் தடுக்கப்பட்டிருந்தது. நம் சிறுவரோ அதனுள் ஒளிந்து திரிந்து, முயலின் தடமும் பறவையின் கூடும் தேடினார். ஆசிரியர் கண்ணிற் படாமல் ஊர்ந்து செல்லவும் பழகினார். வகுப்பிற் கற்றதினும் அச்சோலையிற் கற்றதே தமக்குப் பிற்காலத்திற் பயன்பட்டதென்று அவர் கருதினார். பேராசிரியர் மைந்தராயினும், ஒக்ஸ்போட்டில் இடம்பெற முயன்று தோல்வியுற்றார். தேர்வொன்றில் இடறிய மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.

1876 இல் இராணுவத் தேர்வெழுதி உயர்ந்த இடத்தில் தேறிய அவர், இந்தியாவிலிருந்த 13 ஆம் ஹுஸார் குதிரைப்படையிற் சேர்ந்து இலக்னோ நகரை அடைந்தார். அக்காலப் படைவீரர்க்கு அணிவகுத்தலும் ஆணைக்கு அடங்குதலுமே பயிற்சியாயிருந்தன. பேடன் பவலோ தம் வீரரைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, வேவு பார்த்தல், தடம் அறிதல், கண்டதைப் படமாக வரைதல், அறிக்கை எழுதுதல் ஆகியவற்றைக் கற்பித்தார். அப்பாடங்களைத் தொகுத்து 1884 இல் ஒரு நூலாக வெளியிட்டார். எனவே படையில் இளம் அதிகாரியாயிருந்தபோதே ஆசிரியத் தொழில் அவருள் முளைகொண்டுவிட்டது எனலாம்.

1890 முதல் 1893 வரை மால்ட்டாத் தீவில் ஆளுநராயிருந்த தாய்மாமனிடம் செயலாளராகப் பணிபுரிந்தபோது, மத்தியதரைக் கடற் பகுதிக்கு உளவறியும் அதிகாரியாகவும் அவர் அமர்த்தப்பட்டார். வண்ணத்துப்பூச்சி சேகரிப்பவர்போல வலையும் வரைபுத்தகமும் ஏந்தித் திரிந்து, பிறநாட்டுக் கோட்டைகளின் அமைப்பைப் பூச்சிச் சிறகின் கோடுகளுக்குள் மறைத்து வரைந்ததாக அவரே பின்னர் எழுதினார். சிறகைக் கண்டோர் பூச்சியைக் கண்டனரேயன்றிக் கோட்டையைக் கண்டிலர்.

அவருடைய கலையின் நுட்பத்தை விளக்கத்தக்க நிகழ்ச்சியொன்று 1896 இல் நிகழ்ந்தது. தென்னாபிரிக்காவின் வடபாலிலுள்ள மட்டபெலே நாட்டு மக்கள் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து, மட்டோப்போக் குன்றுகளிற் பதுங்கியிருந்தனர். ஒருநாட் காலை பேடன் பவல் அந்நாட்டுத் துணைவர் ஒருவருடன் வேவு பார்க்கச் சென்றார். புல் மிதிபட்டிருத்தலையும், மணலிற் சிறிய காலடிகள் பதிந்திருத்தலையும் இருவரும் கண்டனர். தடத்திற்குச் சற்று விலகி ஓர் இலை கிடந்தது. அவ்விலைக்குரிய மரம் அவ்வெளியில் எங்குமில்லை. சுமார் 15 மைலுக்கு அப்பாலுள்ள ஓர் ஊரில் மட்டுமே உண்டு. இலையை முகர்ந்தபோது அந்நாட்டு மதுவின் மணம் வீசிற்று. மதுக்குடத்தின் வாயை இலைக்கொத்தால் அடைத்துத் தலைமேற் சுமந்து செல்லுதல் அந்நாட்டுப் பெண்டிர் வழக்கம். இலை தடத்தைவிட்டு விலகி வீழ்ந்தமையால், அது விழுந்த நேரத்திற் காற்று வீசியிருத்தல் வேண்டும். காற்று வீசியதோ விடியற்காலை ஐந்து மணியளவில். ஆகவே, பெண்டிரும் சிறுவரும் இரவோடிரவாக மதுக்குடம் சுமந்து குன்றுகளை அடைந்துள்ளனர். அங்குள்ளோர் அதனைப் புளிக்குமுன் பருகி அயர்ந்திருப்பர். காவல் தளர்ந்திருக்கும் எனத் துணிந்து, இருவரும் குன்றின் அருகே சென்று வேண்டியன அறிந்து மீண்டனர்.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. இலை ஒன்றை மட்டும் கண்டு அவர்கள் எதனையும் முடிவுசெய்திலர். காலடி, மணம், காற்று, நேரம், அந்நாட்டார் வழக்கம் என ஒவ்வொன்றும் மற்றொன்றுக்குச் சான்றாய் நின்றது. வள்ளுவர் கூறிய மூவர் கூற்றும் ஒத்தல் என்பது இதுவேயன்றோ? அன்றியும், அந்நாட்டு மக்களின் வழக்கத்தை அறிந்த துணைவரின்றி அவ்விலை வெறும் இலையாகவே கிடந்திருக்கும். பேடன் பவலுக்கு இக்கலையைக் கற்பித்தோருள் ஆபிரிக்க வேட்டுவரும் தடமறிவோரும் தலையாயவர். பேர்ணாம் என்னும் அமெரிக்கச் சாரணரிடமும் அவர் அப்போரிற் பல கற்றார்.

ஆயினும் வரலாறு எழுதுவோன் புகழ்ச்சி ஒன்றையே எழுதுதல் அறமாகாது. அக்கலை அன்று பயன்பட்டது, தம் நிலத்தைக் காக்கப் போராடிய மக்களை வேட்டையாடுதற்கே. அதே போரில் உவினி என்னும் குலத்தலைவர் சிறைப்பட்டபோது, பேடன் பவல் படைமன்றம் கூட்டி அவரைச் சுட்டுக்கொல்லச் செய்தார். அதுபற்றி விசாரணை நிகழ்ந்து, அவர்மேற் குற்றமில்லையென முடிந்தது. எனினும் அச்செயல் அவர் வாழ்வில் ஒரு கறையாகவே இன்றும் பேசப்படுகின்றது. நுண்ணிதாக நோக்கும் கண் மட்டும் போதாது. நோக்கியதை எதற்குப் பயன்படுத்துவது என்னும் நெஞ்சும் வேண்டும்.

1897 இல் மீரட் நகரிலிருந்த 5 ஆம் டிறகூன் குதிரைப்படைக்கு அவர் தலைவரானார். அங்கே வேவுப் பயிற்சியில் தேறிய வீரர்க்குத் திசையறி கருவியின் வடமுனையைக் குறிக்கும் சின்னமொன்றை அளித்தார். இன்று உலகெங்கும் சாரணர் அணியும் சின்னத்தின் முன்னோடி அதுவே. அப்பயிற்சிப் பாடங்களே 1899 இற் சிறு நூலாக வெளிவந்தன. நோக்குதல், நினைவிற் கொள்ளுதல், உய்த்துணர்தல் ஆகிய மூன்றையும் சாதாரண வீரனும் பழகத்தக்க முறையில் அந்நூல் கூறிற்று.

அந்நூல் வெளிவந்த ஆண்டிலேயே போயர் யுத்தம் மூண்டது. மபேக்கிங் என்னும் சிற்றூரைக் காக்கும் பொறுப்பு பேடன் பவலுக்கு வாய்த்தது. 1899 ஒக்ரோபர் 13 முதல் 1900 மே 17 வரை 217 நாட்கள் அவ்வூர் முற்றுகையிலிருந்தது. காவற்படையோ ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டது. சூழ்ந்து நின்ற பகைவர் தொடக்கத்தில் அதனினும் பன்மடங்கினர். அங்கே அவர் தம் கலையைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். மணல் நிரப்பிய பெட்டிகளைக் கண்ணிவெடிகள்போற் புதைப்பித்தார். இல்லாத முட்கம்பி வேலியைத் தாண்டுவார்போல வீரரைக் கால் தூக்கி நடக்கச் செய்தார். விளக்கொன்றை இடம் மாற்றி மாற்றிக் காட்டி, விளக்குகள் பல உண்டென நம்பவைத்தார். தொலைநோக்கியாற் பார்த்த பகைவர், கண்டது கொண்டு காணாததனைத் துணிந்து ஏமாந்தனர். அடையாளங்களைப் பொய்யாகவும் படைக்கலாம் என்பது உளவறிவோன் கற்கவேண்டிய பெரும் பாடம்.

அம்முற்றுகையில் ஊர்ச் சிறுவர் ஒரு படையாகச் சேர்க்கப்பட்டுச் செய்தி கொண்டு செல்லுதல், காவல் நோக்குதல் முதலிய பணிகளைச் செய்தனர். குண்டு வீழும் தெருவிலே துவிச்சக்கர வண்டியிற் சென்ற அச்சிறுவரின் பொறுப்புணர்ச்சி பேடன் பவலின் உள்ளத்திற் பதிந்தது. நம்பிப் பொறுப்பளித்தாற் சிறுவரும் பெரியோர்போல நடப்பர் என்பதை அங்கே கண்டார். அம்முற்றுகையில் ஆபிரிக்க மக்கள் பட்ட பசியோ வெள்ளையர் பட்டதினும் மிகப் பெரிது. அப்பழி எவ்வளவு படைத்தலைவரைச் சாரும் என்பது பற்றி வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுவர்.

முற்றுகை நீங்கியபோது பிரித்தானிய மக்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். 43 வயதில் மேஜர் ஜெனரல் பதவி வந்தெய்தியது. 1903 இற் குதிரைப்படைகளின் தலைமைப் பரிசோதகராகித் தாய்நாடு மீண்டார். ஆங்கே அவர் எதிர்பாராத காட்சியொன்றைக் கண்டார். படைவீரர்க்கென எழுதிய அவருடைய நூலைப் பள்ளி ஆசிரியர்களும் சிறுவர்களும் விரும்பிப் படித்துக்கொண்டிருந்தனர்! அலன்பி என்னும் படைத்தலைவர் ஒருநாள் தம் வீட்டுக்குக் குதிரையில் வந்தபோது, மரத்தின் மேலிருந்து அவர் மைந்தன், தந்தை மேலே நோக்காமையாற் பகைவன் கையில் மாண்டுவிட்டார் என விளையாட்டாகக் கூவினான். மேலே நோக்கினால், மைந்தனுக்கும் மேற்கிளையில் அவனுடைய ஆசிரியையும் அமர்ந்திருந்தார். பேடன் பவலின் நூலைக் கொண்டே அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஆசிரியையார் பயிற்சி பெற்ற அம்பிள்சைட் ஆசிரியப் பயிற்சி நிலையத்தில் அந்நூல் பாடமாயிருந்தது. இந்நிகழ்ச்சியைப் பேடன் பவல் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஆசிரியர் ஒருவரே படைத்தலைவருக்கு வழிகாட்டினார் என்பது நமக்குப் பெருமை தருவதொன்றன்றோ?

1904 இற் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஸ்மித் என்பார் நடத்திய சிறுவர் படையின் அணிவகுப்பைப் பார்வையிட்ட பேடன் பவல், அச்சிறுவர்க்கு ஏற்றவாறு தம் நூலைத் திருத்தியெழுத உடன்பட்டார். ஆயின், போருக்காக எழுதியதைச் சொல் மாற்றித் தந்தாற் போதுமோ? போதாது என உணர்ந்து, முதலிற் சோதித்துப் பார்த்தார். 1907 ஆகஸ்டு மாதத் தொடக்கத்திற் பிரவுன்சித் தீவில், செல்வர் மக்களும் தொழிலாளர் மக்களுமாகச் சுமார் 20 சிறுவரைக் கூட்டி, ஓநாய், காகம், எருது, உள்ளான் என நான்கு அணிகளாகப் பிரித்து, ஒரு வார காலம் பாசறை நடத்தினார். அணித்தலைவர் சிறுவரே. பகலில் தடமறிதலும் விளையாட்டும், இரவில் நெருப்பைச் சூழ்ந்திருந்து கதை கேட்டலும் நடந்தன. சோதனை வென்றது. 1908 சனவரியிலிருந்து சிறுவர்க்கான சாரண நூல் பதினைந்து நாளுக்கொன்றாக ஆறு பகுதிகளாய், பகுதியொன்று நான்கு பென்சு விலையில் வெளிவந்தது. அதை வாங்கிய சிறுவர், பெரியோர் அழைப்புக்குக் காத்திராமல் தாமே அணி சேர்ந்தனர். 1909 இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த கூட்டத்துக்குச் சிறுமியரும் வந்து நிற்கவே, 1910 இற் சாரணியர் இயக்கமும் பிறந்தது.

1910 இல் அவர் லெப்டினன்ட் ஜெனரல் பதவியோடு இராணுவத்தினின்றும் ஓய்வுபெற்றார். அப்போது அவர்க்கு வயது 53. இன்னும் உயர்ந்த பதவிகள் எட்டும் தூரத்தில் இருந்தன. அவற்றை விட்டுச் சிறுவர்க்கு ஆசிரியரானார். ஆணையிடும் தொழிலைவிட்டுக் கற்பிக்கும் தொழிலுக்கு வந்தோர் பலர், வகுப்பறையையும் பாசறைக்கூடமாக்கிவிடுவதுண்டு. இவரோ மாறாக, ஆணையைக் குறைத்து ஆராய்ச்சியை மிகுத்தார். தட்டொன்றிற் பல பொருள்களை வைத்து, ஒரு நிமிடம் காட்டி, துணியால் மூடியபின் நினைவிலிருந்து எழுதச் செய்யும் விளையாட்டு அவர் பரப்பியதே. கிப்ளிங் எழுதிய நாவலிற் சிறுவன் கிம் சிம்லா நகரிற் பெற்ற பயிற்சியிலிருந்து அதனை எடுத்தாண்டார். வழிப்போக்கரின் மிதியடியையும் நடையையும் நோக்கி அவர் யார், என்ன துன்பமுற்றார் என உய்த்துணருமாறு சிறுவரைப் பழக்கினார். பகைவனை அறிதற்குப் பயின்ற கண், இப்போது உதவி வேண்டுவோனை அறிதற்குப் பயன்படலாயிற்று. நாள்தோறும் ஒரு நற்செயல் செய்க என்னும் சாரண விதிக்கு இக்கண்ணே வாயில். பிறர் தேவையைக் காணாதவன் எங்ஙனம் உதவுவான்?

1919 இற் கில்வெல் பூங்காவில் சாரண ஆசிரியர்க்கான பயிற்சி நிலையம் தொடங்கியது. அங்கே வந்த ஆசிரியர் தாமே அணிகளாகப் பிரிந்து, சிறுவர்போலச் சமைத்தும் தடம் தேடியும் கற்கவேண்டும். செய்யாத ஒன்றைக் கற்பிக்க முற்படலாகாது என்பது அப்பயிற்சியின் அடிப்படை. ஆசிரிய கலாசாலையிற் பயின்ற என் போன்றோர்க்கு இது நெஞ்சிற் பதியவேண்டிய கருத்தாகும்.

இயக்கம் கடல் கடந்தது. இந்தியாவில் அது தொடக்கத்தில் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்குமே உரியதாயிருந்தது. அக்குறையைப் பொறாத அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் அமைத்தார். 1921 இற் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது இரண்டும் இணைந்தன. தாம் தொடங்கிய இயக்கத்திலும் தவறு நேர்ந்ததைக் கண்டு திருந்துதற்கு அவர் அன்று உடன்பட்டார். அதே சுற்றுப்பயணத்தில் இலங்கைக்கும் வந்தார். நம் நாட்டிலோ அதற்கு முன்னரே, 1912 இல், மாத்தளைக் கிறிஸ்து தேவாலயக் கல்லூரியில் எவ். ஜி. ஸ்டீவன்ஸ் என்பார் முதற் சாரணர் குழுவைத் தொடக்கினார். கண்டியிலிருந்து வத்தேகம வழியாகச் செல்லும் நம் புகையிரதப் பாதையின் முடிவிடம் மாத்தளை. இலங்கைச் சாரணியத்தின் பிறப்பிடம் நமக்கு அயலூரே என்பதை மாணவர் மறவாதிருக்க.

நம்மூர் மலையடிவாரத்தில் விடியற்காலையில் எழும் மூடுபனியைத் தூரத்திலிருந்து காண்போன் புகையென மயங்குதல் உண்டு. ஆவியோ பனியோ புகையோ என ஐயுற்ற நிலையிலேயே நெருப்பு உண்டெனத் துணிதலைக் குற்றமென்று மணிமேகலை எடுத்துரைக்கின்றது. இக்குற்றத்தை யானும் செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே ஒரு மாணவன் அடிக்கடி பிந்தி வந்தான். காற்சட்டையில் சேறு படிந்திருந்தமையால், மைதானத்தில் விளையாடி வருகின்றான் எனத் துணிந்து அவனை வெளியே நிறுத்தினேன். சாரணர் குழுவிலிருந்த மற்றொரு மாணவன் மாலையில் என்னிடம் தனியே வந்து பணிவாகச் சொன்னான்: அவன் காற்சட்டையில் ஒட்டியிருக்கும் புல்விதை மைதானத்தில் இல்லை, ஓடையருகே மட்டுமே உண்டு, அவன் விரல்களில் அடுப்புக்கரி இருக்கின்றது, அவன் தங்கை மட்டும் தன் பள்ளிக்குப் பிந்துவதில்லை என்றான். உசாவியபோது உண்மை விளங்கிற்று. தாயார் நோயுற்றுக் கிடக்க, பிள்ளை விடியலில் எழுந்து சமைத்து, தங்கையை ஓடைவழியே அழைத்துச் சென்று பள்ளியில் விட்டபின்னரே ஓடிவந்தான். மூன்று சான்றும் ஒத்திருந்தன. யானோ சேறு ஒன்றையே கண்டேன். மறுநாள் வகுப்பின்முன் அவனிடம் மன்னிப்பு வேண்டினேன்.

ஒரு மாணவனை வெளியே நிறுத்தியதோடு என் பிழை முடிந்தது. அப்பிழையையே ஒரு சமூகம் செய்யுமாயின் விளைவு என்னாகும்? நெற்றியிலுள்ள பொட்டையும் நாவின் ஒலியையும் மட்டுமே அடையாளமாகக் கொண்டு, அயலாரைப் பகைவரெனத் துணிந்த நாட்களை இந்நாடு அறியும். 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தை மலைநாடும் மறந்திலது. அதே நாட்களில், அயலாரின் அச்சத்தை முகக்குறிப்பால் உணர்ந்து கதவு திறந்து காத்தோரும் இருந்தனர். நோக்கியது இருவகையார் கண்ணும் ஒன்றையே, துணிந்தது வேறு. ஆகவே சிறுவர்க்கு ஆராய்ந்து துணியும் முறையைக் கற்பித்தல் விளையாட்டன்று. அது நாட்டைக் காக்கும் கல்வியாகும்.

பேடன் பவல் 1929 இற் கில்வெல் பிரபு எனப் பட்டம் பெற்றார். இறுதி ஆண்டுகளைக் கென்யா நாட்டின் நியேரி என்னும் ஊரில் மனைவியார் ஒலேவ் அம்மையாருடன் கழித்து, 1941 சனவரி 8 ஆந் தேதி மறைந்தார். அவர் கல்லறைக் கல்லில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் பொறிக்கப்பட்டுள்ளன. தடம் காட்டும் குறிகளுள் அது இறுதிக்குறி. வழி முடிந்தது, வீடு திரும்பினேன் என்பது அதன் பொருள். வாழ்நாளெல்லாம் குறிகளைக் கற்பித்தவர், தம் மறைவையும் மாணவர் படித்தறியத்தக்க ஒரு குறியாகவே விட்டுச் சென்றார். அவர் காட்டிய தடத்திற் செல்லும் நம் கல்லூரிச் சாரணர், கண்டதையெல்லாம் நன்கு காண்பாராக. கண்டபின் மும்முறை ஆராய்வாராக. துணிந்தபின் பிறர்க்கு உதவுவாராக.